துப்புதல்

மேட்டுப்பாளையத்தில் கைமாறியபோது
தொளதொளவென்று இருந்த பை
கல்லாறு தாண்டி, பர்லியாறு தாண்டி
ஒன்பதாவது கொண்டை ஊசியில்
என் மடியில் பலூனாகிவிட்டது.
மேலே போகப் போகக் காற்று விரியும்;
பள்ளியில் படித்ததுதான்.
மடியில் வைத்துப் படித்ததில்லை.

உள்ளே உள்ளங்கை அகல மஞ்சள்.
கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை,
வாலோரம் ஒரு பொய்க்கண்.
"இது எந்தப் பக்கமாப் பாக்குது?"
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.
அனுப்பிய தூத்துக்குடி ரோட்ரிகோ அண்ணனுக்கு
அது வண்ணாத்தி.
பெட்டிமேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்:
வெயிலில் வைக்காதீர்.
குன்னூரில், ஜனவரியில்.

ஆறாயிரம் அடி உயரத்தில்
நான்கடி நீளக் கடல் வைத்திருக்கிறேன்.
உப்பு வாளியில் வருகிறது,
அலை ஒரு மோட்டாரில்.
கண்ணாடிக்கு உள்ளே இருபத்தாறு டிகிரி,
ஜன்னலுக்கு வெளியே நான்கு.
இடையில் நானும் போஜராஜும்
இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.
மின்கட்டண ரசீதைத் தொட்டியின் மேல் ஒட்டினான்,
"அதுவும் படிக்கட்டும்."

அது படிக்கவில்லை. சாப்பிடவுமில்லை.
உறைந்த இறாலை நீட்டினேன்:
வாயில் வாங்கி, ஒரு கணம் வைத்து,
துப்பியது.
மட்டியைப் பிளந்து பாறையில் செருகினேன்:
கொத்தி, துப்பியது.
பூண்டுச் சாறு தடவினால் தின்னும் என்றார் அண்ணன்.
வீடு முழுக்கப் பூண்டு.
துப்பியது.
ஆறாம் நாள் முதுகு ஒடுங்கத் தொடங்கியது,
கத்தியின் பின்புறம் மாதிரி.

எனக்கு ஏலக் கம்பெனியில் வேலை.
காலை எட்டரைக்கு வரிசையாகப் பீங்கான் கோப்பைகள்,
ஆறு நிமிடம் ஊறிய சாறு.
கரண்டியில் அள்ளி, ஊர் கேட்க உறிஞ்சி,
நாக்கின் ஓரத்தில் ஒரு சுற்று சுற்றி,
துப்புவேன்.
ஒரு நாளைக்கு முந்நூறு.
கனம் இருக்கிறது, புகை நாற்றம், நேற்றைய ஈரம்,
இது நல்ல மலை, இது நல்ல மலையின் சோம்பேறி இலை.
நல்லதையும் துப்பத்தான் வேண்டும்.

பன்னிரண்டாம் நாள்
எண்பத்தி நாலாவது கோப்பையில் உப்புக் கரித்தது.
கோப்பையில் இல்லை, என் விரலில்.
காலையில் தொட்டித் தண்ணீர் மாற்றிவிட்டு
சரியாகக் கழுவவில்லை.
குறிப்பெடுக்கும் அருளானந்து நிமிர்ந்து பார்த்தான்.
"என்ன எழுதட்டும் மேடம்?"
கடல் என்று வாய்வரை வந்தது.
அதையும் துப்பினேன்.

அன்று இரவு ஏழு தட்டு வைத்தேன்.
இறால், மட்டி, மீன் முட்டை, பாசித் தாள்,
இன்னும் மூன்று, விலை சொல்ல மாட்டேன்.
விளக்கைத் தணித்துவிட்டு
ஒரு எஸ்டேட் முதலாளி போலத் தள்ளி உட்கார்ந்தேன்
தீர்ப்புக்கு.

முதலாவது, துப்பியது.
நாலாவதை முகரக்கூட இல்லை.
ஏழையும் தாண்டிப் பின் மூலைக்குப் போனது.
அங்கே பாறையோடு பாறையாய்
நான் சுரண்டி எறிய நினைத்து
ஒரு மாதமாய்த் தள்ளிப்போட்ட களை:
பழுப்பு நிறக் குட்டிக் கடற்சாமந்தி,
தொட்டால் சுருங்கும், விட்டால் பெருகும்.
நீண்ட மூக்கை விட்டது.
இழுத்தது.
நான் காத்திருந்தேன்.
துப்பவில்லை.

போஜராஜை எழுப்பினேன்.
போர்வையோடு வந்து நின்றான், ஒன்றும் சொல்லவில்லை,
ரசீதை மட்டும் உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டார்ச் அடித்து எண்ணினேன்.
பாறையில் ஐந்து, வடிகட்டிக் குழாயில் மூன்று,
கண்ணாடியில் ஒரு பொடிசு.
ஒன்பது. நாளைக்கு இரண்டு என்று வைத்தாலும்...

விடியுமுன் தூத்துக்குடிக்கு அழைத்தேன்.
"அண்ணே, அந்தப் பழுப்புக் களை
கொஞ்சம் அனுப்ப முடியுமா?"
அந்தப் பக்கம் நெடுநேரம் சிரிப்பு.
"எல்லாரும் அதைக் கொல்லத்தாம்மா மருந்து கேப்பாங்க.
எவ்வளவு வேணும்?"